தடை அட்டைக்கு மட்டும் போதுமா?

கடல் அட்டை பிடிக்க 2001-ல் வந்த தடையை நீக்கச் சொல்லி ராமநாதபுரம் கரையில் குரல் எழுவதும், கூடாதென்று சூழலியலாளர்கள் மறுப்பதும் இன்னும் ஓயவில்லை. அட்டை வாழும் தரையைப் பற்றித்தான் பேச்சே இல்லை. நல்ல விலை போகும் வெள்ளை அட்டையையே பாருங்கள். சாம்பல் படர்ந்த கரிய முதுகில் குறுக்கே சுருக்கம் போன்ற கோடுகள். வெளிறித் தட்டையான வயிற்றில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள். முள்ளில்லை, ஓடில்லை, தப்பி ஓடவும் தெரியாது. பகலில் பெரும்பாலும் மணலுக்குள் புதைந்து கிடக்கும். பொழுது சாய்ந்தபின் மேலே வந்து, வாயைச் சுற்றியுள்ள குட்டை உணர்கொம்புகளால் சேற்றை அள்ளி விழுங்கும். நுண்ணுயிர்களையும் மட்கையும் செரித்துக்கொண்டு மணலை ஆசனவாய் வழியே வெளியேற்றிவிடும். அது மூச்சு விடுவதும் அதே வழியில்தான்! கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில், புல்லும் சேறும் கலந்த மணல்தான் அதன் இருப்பிடம். குஞ்சுப் பருவத்தில் கடற்புல்லின் இலையில் ஒட்டிக்கொண்டு, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்ந்த பிறகே மணலுக்கு இறங்குகிறது. விசைப்படகின் இழுவைமடி வலை வழித்தெடுத்த தரையில் அதற்குத் தொட்டிலே கிடையாது.

இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், அதே கடலில் இந்தப் பக்கம் பிடித்தால் சிறையா என்று மீனவர் கேட்பது நியாயமே. புலிக்குரிய அதே முதல் அட்டவணையில் அட்டையையும் சேர்த்த சட்டம், பிடித்தவரைத் தண்டிக்கிறது. அதன் புல்வெளியை உழுத மடியைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் கடலில் அட்டை நிறையக் கிடக்கிறது என்ற வாதத்தை ஏற்க முடியாது. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் தண்ணீரில்தான் விடுகின்றன. அருகருகே இருந்தால்தான் அவை கலக்கும். ஆட்கள் பொறுக்கிப்போக, அங்கொன்றும் இங்கொன்றுமாக மிஞ்சியவற்றால் இனம் பெருகாது. குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்து விடலாமே என்பார்கள். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1988-லேயே அதைச் செய்து காட்டியது. ஆனாலும் கொண்டுபோய் விட நல்ல புல்தரை வேண்டும். யாழ்ப்பாணக் கரையோரத்தைப் போலக் கடலை அடைத்துப் பண்ணை வைத்தால், அங்கே காலங்காலமாக வலை போடும் சிறு மீனவர் எங்கே போவார்?

அட்டைக்குத் தேவையான அதே புல்லை மேயும் கடற்பசுவுக்காகத்தான் 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் காப்பகம் அறிவிக்கப்பட்டது. கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அந்த எல்லையை முதலில் கண்டிப்பாகக் காக்கட்டும். புல் மீண்டு, அட்டையின் எண்ணிக்கையும் முறையாகக் கணக்கெடுக்கப்பட்ட பிறகு, எந்த இடத்தில், எந்த அளவுக்கு மேற்பட்டதைப் பிடிக்கலாம் என்று மீனவரோடு உட்கார்ந்து பேசலாம்.