அணுவைக் கண்டார் யார்?

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியர் என்னும் முறையில் இலக்கியப் பொருளொன்றையே யாம் எடுத்துக்கொள்வோம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்டதோ அணு. விஞ்ஞான ஆசிரியர்களின் வேலிக்குள் யாம் கால் வைத்தமைக்குக் காரணம் எம்முடைய பிழையொன்றேயாம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் பத்தாம் வகுப்பிலே திருக்குறளின் பெருமையை எடுத்துரைத்துக்கொண்டிருந்தோம். குறளின் செறிவுக்கு இடைக்காடர் கடுகையும் ஔவையார் அணுவையும் கொண்டுவந்து காட்டியதைத் திருவள்ளுவமாலையிலிருந்து விளக்கியபின், உற்சாகம் மேலிட, "அணுவைப் பிளக்கலாம் என்பதை மேனாட்டார் அறியுமுன்னரே நம் முன்னோர் அறிந்திருந்தனர்" என்றும் சொல்லிவிட்டோம். மேடைகளிலே பலகாற் கேட்ட வாசகம். வாய்க்கு எளிதாய் வந்தது. பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, பிளந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று ஔவையார் சொல்லியிருக்கிறாரா?" என்று வினவினான். வகுப்புச் சிரித்தது. அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை என்பதை அவன் முகமே காட்டிற்று. எமக்கு விடை தெரிந்திலது.

அன்று மாலையே இரசாயன ஆசிரியரிடம் சென்று மாணவரானோம். அவர் சொல்லியவற்றுள் எம்மை ஆட்கொண்டது அணுவின் அமைப்பன்று. அவ்வமைப்பு அறியப்பட்ட வகையே. 1897 இல் கேம்பிறிட்ஜில் தொம்சன் என்பார் இலத்திரனைக் கண்டறிந்தார். அணுவினும் சிறியதொரு துணிக்கை உண்டென்பது அன்றே தெளிவாயிற்று. நேரேற்றம் பரந்த ஓர் உருண்டையிலே, மாவுருண்டையிற் பயறு பதிந்தாற்போல, இலத்திரன்கள் பதிந்துள்ளன என அவர் கருதினார். அக்கருத்து நெடுநாள் நிலைக்கவில்லை.

1909 இல் மன்செஸ்ரரிலே, இரதபோட் என்னும் பேராசிரியரின் கீழ்க் கைகர் என்பாரும் மார்சுடன் என்பாரும் மெல்லிய உலோகத் தகடுகளின்மேல் அல்பாத் துணிக்கைகளை ஏவினர். மார்சுடனுக்கு அப்போது வயது இருபது. பட்டம் பெறாத மாணவர். துணிக்கை ஒவ்வொன்றும் நாகசல்பைட்டுத் திரையில் விழுந்து எழுப்பும் பொறியை நுணுக்குக்காட்டியால் நோக்கி எண்ணுதலே அவர் தொழில். பொறியோ மிக மங்கலானது. ஆதலின், முதலில் இருட்டறையிலே நெடுநேரம் வாளா இருந்து கண்ணை இருளுக்குப் பழக்குதல் வேண்டும். பெரும்பாலான துணிக்கைகள் தகட்டினூடே நேரே சென்றன. ஏறக்குறைய 8,000 இல் ஒன்றோ வந்த வழியே திரும்பிற்று. திரும்பாத ஆயிரங்களுக்கிடையே திரும்பிய ஒன்றைப் புறக்கணியாதவர் வாழ்க!

அவ்வொன்றைப் பற்றி நெடிது சிந்தித்த இரதபோட், 1911 இல், அணுவின் திணிவு அனைத்தும் எனத்தக்க பகுதி அதன் நடுவே மிகச் சிறிய கருவொன்றிற் செறிந்துள்ளது என நாட்டினார். கருவை ஒரு கடுகளவாகக் கொண்டால், அணுவின் எல்லை எமது விளையாட்டு மைதானத்தின் அகலத்துக்கு விரியும். இடையே அங்குமிங்குமாக இலத்திரன்கள். இடைக்காடரின் கடுகு எமக்கு இவ்வாறு பயன்பட்டது. கருவினுள்ளே நேரேற்றமுடைய புரோத்தன்கள் உள. 1932 இல் சட்விக் கண்ட ஏற்றமற்ற நியூத்திரன்களும் உள. புரோத்தனின் திணிவு இலத்திரனின் திணிவைப்போல் ஏறக்குறைய 1,836 மடங்கு. புரோத்தன்களின் தொகையே மூலகத்தை நிருணயிக்கும்: ஆறாயிற் காபன், ஏழாயின் நைதரசன். இரசத்துக்கு 80, பொன்னுக்கு 79. இரசவாதிகளுக்கு ஒரே ஒரு புரோத்தன்தான் தடையாய் நின்றது. அதனை எடுக்க அவர்கள் உலையின் வெப்பம் போதாது. யுரேனியத்தின் கரு மெய்யாகவே பிளக்கப்பட்டமை பேர்லினில் 1938 இன் இறுதியிலே கண்டறியப்பட்டது. புரோத்தனும் பகுபடாப் பொருளன்று. குவாக்குகள் என்னும் கருத்து 1964 இல் எழுந்தது, அவற்றுக்குச் சான்று 1968 முதலாக அமெரிக்காவிலே கிடைத்தது. அங்கும் முறை பழைய முறையே: எறி, சிதறுவதைப் பார்.

இப்பெயர்களைப் பற்றித் தமிழாசிரியனாக ஒரு சொல். லகரம் மொழிக்கு முதலாகாது. அதனாலேதான் இலக்குவனைப்போல இலத்திரனும் இகரம் பெற்று நம் வாசலுக்குள் வந்தான். நம் பாடநூல்கள் செய்த இந்நன்மையைச் சிலர் நகைப்பது எமக்கு உடன்பாடன்று.

இனி, நம் முன்னோர் யாதும் அறிந்திலரோ எனின், அறிந்ததை அவர்கள் நூலிலேயே காண்போம். மணிமேகலையிலே, சமயக் கணக்கர்தந் திறங்கேட்ட காதையில், ஆசீவகவாதி தன் அணுக்கொள்கையை விரிக்கின்றான். அணுக்கள் ஐவகை, அவை கூடும், பிரியும், ஆனால் ஒன்று இரண்டாகப் பிளவுபடா என்பது அவன் துணிபு. தனியணுவைக் காண்பவர் தெய்வக் கண்ணுடையோர். ஏனையோர்க்குத் திரளே தோன்றும், அந்திப்பொழுதிலே ஒற்றை மயிர் புலப்படாது மயிர்த்தொகுதி புலப்படுமாறு போல. எத்துணை நுட்பமான உவமை! சாத்தனார் பௌத்தர், மாற்றார் கொள்கையை இத்துணை ஒழுங்காக எடுத்துரைத்தார். இது பெருமைப்படத்தக்க பெருமை. ஆயின், இதே காதை அணு பிளவுபடாது என்றே சொல்கின்றது. யாம் வகுப்பிலே சொல்லியது நம் நூலுக்கே மாறு. ஔவையார் பேசியது குறளின் செறிவை. யாம் அவர் வாயில் இரதபோட்டை வைத்தோம்.

இவ்வாறு எழுதுதல் முன்னோரைத் தாழ்த்துவதாகும் என நண்பர் சிலர் எம்மைக் கடிந்துரைத்தனர். அவர்கள் தமிழ்ப்பற்றை யாம் ஐயுறவில்லை. எமது அச்சம் வேறு. எல்லாம் முன்னரே அறியப்பட்டுவிட்டன என்று நம்பும் மாணவன் இருட்டறையிலே அமர்ந்து பொறிகளை எண்ணப் போவதில்லை. எண்ணியவர்களின் உழைப்பையும் மதியான். பின்வாங்கு மாணவனின் வினாவைச் சிரித்து அடக்கும் வகுப்பு எதுவும் மார்சுடனை ஆக்காது. அதற்குப் பொறுப்பு இரசாயன ஆசிரியருடையதன்று. மேடையில் முழங்கும் எம்போன்றோருடையது.

இப்போதெல்லாம் மணிமேகலையின் அக்காதையை எடுக்கும் நாளில், இரசாயன ஆய்கூடத்தை ஒரு பாடவேளைக்குக் கேட்டு வாங்கிக்கொள்கின்றோம். யன்னல்களை அடைத்து மாணவரை இருளில் இருத்துவோம். முதலிற் சிரிப்பொலி, பின்னர் இருமல், பின்னர் அமைதி. கால்மணி நேரம் கழிந்தபின், கதவிடுக்கால் வரும் சிற்றொளியிலே, முன்னிருப்பவன் தலையின் கரிய திரள் ஒவ்வொருவனுக்கும் மெல்லத் தெரியத் தொடங்கும். ஒற்றை மயிர் ஒருவனுக்கும் தெரிந்ததில்லை.