ரோட்டுக்கடை காளான், பணியாரக் கல்லில்

கோயம்புத்தூர்ல படிச்சுட்டு ரோட்டுக்கடை காளான் சாப்பிடாதவங்க உண்டா? தட்டில் இருப்பது பெரும்பாலும் முட்டைக்கோஸும் மைதாவும்தான், காளானைத் தேடணும். அதுகூடப் பரவாயில்லைங்க. திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயும் அந்தச் சிவப்பு கலர் பொடியும்தான் எனக்குப் பயம். 2024-ல் கர்நாடகா கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறத்தைத் தடை செய்தது சும்மாவா?

லீவில் வீட்டிலேயே செய்தேன். நிஜக் காளான், கோஸ், கடலை மாவு, கொஞ்சம் அரிசி மாவு. பொரிக்காமல் பணியாரக் கல்லில், குழிக்குச் சில சொட்டு எண்ணெய். நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள். வெங்காயம், தக்காளி வதக்கிய மசாலாவில் போட்டுக் கொத்தி, மேலே மல்லித்தழை, பச்சை வெங்காயம்.

மொறுமொறுப்பு கம்மிதான், ஒத்துக்கிறேன். ஆனா கொலஸ்ட்ரால்னு எண்ணெய்ப் பலகாரத்தையே மறந்திருந்த அப்பா, அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கிட்டே இரண்டாவது தட்டு கேட்டார்.