மறதி வயதின் குற்றமா?

மாணவர்களே! குரங்கணி மலைப்பாதையில் ஏறியவர்கள் இந்தப் பழைய கதையைக் கேட்டிருக்கக் கூடும். ஒரு நூற்றாண்டுக்கு முன் மூணாற்றுத் தேயிலை சிறு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, பின் போடிநாயக்கனூரை அடைந்தது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்துவிட்டது. தோட்டங்கள் இருந்தன, போடியும் இருந்தது. இடையிலிருந்த பாதைதான் போயிற்று.

முதுமையில் சிலருடைய மூளையிலும் இதைப் போன்றதே நிகழ்கிறது. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் உள்ளன. ஒரு நியூரான் மற்றொன்றுக்குச் செய்தி தரும் இடமே சைனாப்ஸ். 1906-ல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், நினைவிழந்த ஒரு பெண்மணியின் மூளையில் கண்ட விந்தையான படிவுகளைப் பற்றி அறிவித்தார். நெடுங்காலம் விஞ்ஞானிகள் படிவுகளையே எண்ணி வந்தனர். ஆனால் 1991-ல் ராபர்ட் டெரி குழுவினர், படிவுகளின் அளவைவிடச் சைனாப்ஸ்களின் இழப்பே அறிவுக் குறைவோடு நெருங்கிப் பொருந்துவதைக் காட்டினர். நோயின் வேர் பாதைகள் அறுபடுவதிலும் உள்ளது என்பது தெளிவாயிற்று.

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் உள்ளதுதான். நாள்தோறும் நடந்த வழியே தெரியாமல் நிற்பது வேறு. அப்போதும், "அப்பத்தாவுக்கு வயசாகிவிட்டது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். இது தவறு. 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, 60 வயதைக் கடந்த இந்தியரில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது மிகுதி.

ஆனால் மூளை ஆராய்ச்சியில் பெரும்பகுதி மேலைநாட்டு நகரத்தாரையே சோதித்துள்ளது. இக்குறையைப் போக்க முனைந்தவர்களுள் ஒருவர் விஞ்ஞானி விஜயலட்சுமி ரவீந்திரநாத். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம், கர்நாடகத்தின் சீனிவாசபுரா வட்டாரக் கிராமங்களில் 45 வயதைக் கடந்த 10,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராயத் திட்டமிட்டுச் செயல்படுகிறது. நினைவுச் சோதனை, இரத்தச் சோதனை, மூளைப் படம் ஆகிய யாவும் இதில் உண்டு.

இத்தகைய ஆய்வு நம் மலையடிவாரத்துக்கும் வர வேண்டும் என்பது என் கருத்து. விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குச் சென்று உழைத்த முதியவளிடம் பென்சிலைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னால் அவள் திகைப்பாள். அது மறதியன்று, பள்ளி கிட்டாமை. 1990-களில் அரியானாவின் பல்லப்கரில் எழுத்தறியா முதியோருக்கென்றே ஒரு சோதனையை அமைத்தனர். 'கண்களை மூடு' என்று எழுதிக் காட்டுவதற்குப் பதில், சோதிப்பவர் தாமே கண்களை மூடிக் காட்டி, அதுபோலச் செய்யச் சொன்னார். நமக்கும் நம் பேச்சில், நம் வாழ்க்கையிலிருந்து எழுந்த கேள்விகள் வேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. 2010-ன் இறுதியில் மதுரை–போடி ரயில் நிறுத்தப்பட்டது. 2023-ல்தான் அகலப் பாதையில் ரயில் மீண்டும் போடிக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஊர் முடங்கிவிடவில்லை. பேருந்துகள் சுமையை ஏற்றன. இளமையில் பெறும் கல்வியும் மூளைக்கு இப்படி மாற்றுப் பாதைகளைத் தருவதாக விஞ்ஞானிகள் கருதுகின்றனர். இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், காது கேளாமை, தனிமை, கல்விக் குறைவு உள்ளிட்ட 14 காரணங்களைச் சரிசெய்தால், இந்நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று 2024-ல் லான்செட் இதழின் வல்லுநர் குழு மதிப்பிட்டது.

ஆகவே மாணவர்களே, இரண்டு செயல்கள் உங்கள் கையில் உள்ளன. அப்பத்தாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கச் செய்யுங்கள். காது மந்தமென்றால் அதையும் சொல்லுங்கள். உங்கள் தெருவில் எந்தப் பெண் பிள்ளையாவது படிப்பை நிறுத்தித் தோட்ட வேலைக்குப் போனால், அவளை மீண்டும் பள்ளிக்கு அழைத்து வர ஆசிரியரிடம் பேசுங்கள். அவளுடைய அறுபதாம் வயதின் நினைவுக்கு இன்றே பாதை போட வேண்டும்.