மண் சுவரில் எஞ்சும் நோய்

காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலை ஒழிக்க வகுத்த இலக்கை இந்தியா 2023-ஆம் ஆண்டில் எட்டியது. வட்டார அளவில் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவாகவே இந்நோய் காணப்பட வேண்டும் என்பது அந்த இலக்கு. 2010 என்று முதலில் குறிக்கப்பட்ட கெடு, பலமுறை தள்ளிப்போய் ஒருவழியாக நிறைவேறியது. 1992-இல் 77,102 பேரைப் பீடித்து 1,419 உயிர்களைப் பறித்த நோய், 2024-இல் சில நூறு பேர் என்ற அளவுக்குக் குறைந்தது. பிகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் வீடு வீடாக மருந்து தெளித்தவர்களையும் ஆஷா பணியாளர்களையும் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால், இலக்கின் அளவுகோல் காய்ச்சல் நோயாளிகளின் எண்ணிக்கை. காய்ச்சல் குணமான பிறகு வரும் தோல் நோயோ அந்தக் கணக்கின் ஓரத்தில் நிற்கிறது. இங்கு சிகிச்சை பெற்றவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு, சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து, முகத்திலும் மார்பிலும் கைகளிலும் வெளிறிய திட்டுகளோ முடிச்சுகளோ தோன்றுகின்றன. வலி கிடையாது, வயல் வேலைக்கும் தடையில்லை. தொழுநோய் என்றோ வெண்புள்ளி என்றோ ஊரார் பேசுவார்களே என்று அஞ்சி மறைப்பவர்களே அதிகம். மருத்துவமனை வாசலை அவர்கள் மிதிக்காததில் வியப்பில்லை.

அத்திட்டுகளில் ஒட்டுண்ணி உயிரோடு இருக்கிறது என்பதுதான் ஆபத்து. இந்தத் தோல் நோயாளிகளைக் கடிக்கும் மணல் ஈக்கள் ஒட்டுண்ணியைப் பெற்றுக்கொள்வதை வங்கதேசத்தில் நடந்த ஆய்வு 2019-இல் உறுதி செய்தது. 1903-இல் சென்னை பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் கண்டறிந்து, இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் அதே ஒட்டுண்ணிதான் இது. நம் துணைக்கண்டத்தில் அதற்கு மனித உடலே உறைவிடம்.

மலேரியாவுக்காக டிடிடி தெளித்தபோது காலா அசாரும் ஏறத்தாழ மறைந்தது. தெளிப்பு நின்ற பின் 1977-இல் பிகாரில் கொள்ளை நோயாகத் திரும்பியது. மேற்கு வங்கத்தின் 24 பர்கானா பகுதியில் பரவிய நோய், தோல் நோய் கண்ட ஒருவரிடமிருந்தே தொடங்கியிருக்கலாம் என்று 1992-இல் ஆய்வாளர்கள் எழுதினர். இத்தனைக்குப் பிறகும் இலக்கை எட்டியதும் மருந்து தெளிப்பைக் குறைக்கலாம், ஆள்களை வேறு பணிக்கு மாற்றலாம் என்ற எண்ணம் எழுமானால் அது விபரீதம்.

யாருக்கு வருகிறது இந்நோய்? வெடிப்பு விழுந்த ஈர மண் சுவர், வீட்டை ஒட்டிய மாட்டுக் கொட்டில், சாணமும் மட்கிய இலைகளும் கலந்த தரை. மணல் ஈ முட்டையிட்டுப் பெருகுவது இங்குதான். உயரப் பறக்க இயலாத அப்பூச்சி, தரையில் படுத்துறங்குவோரைக் கடிக்கிறது. பிகாரின் முசாஹர் போன்ற, ஒதுக்கப்பட்ட தலித் சமூகங்களின் குடியிருப்புகளில் இவை அனைத்தும் ஒருங்கே அமைந்துள்ளன. பாதிக்கப்பட்ட கிராமங்களுக்குப் பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தில் உறுதியான வீடுகள் தர மத்திய அரசு முன்வந்தது நல்ல முடிவு. ஆனால், குடியிருக்கும் மனையே தன் பெயரில் இல்லாத குடும்பம் எந்த ஆவணத்தைக் காட்டி வீடு கேட்கும்? நிலச் சீர்திருத்தத்தைத் தட்டிக்கழித்த அரசுகள் சுகாதாரத் துறையின் மீது மட்டும் சுமையை ஏற்றிவிட முடியாது.

சிகிச்சையும் எளிதல்ல. மில்ட்டிஃபோசின் மாத்திரையை 12 வாரங்கள் விழுங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அது கூடாது. கண் பாதிப்பையும் கவனிக்க வேண்டும். நோயாளியாகத் தன்னை உணராத தினக்கூலி ஒருவர் இதை முழுமையாக முடிக்க, அவரைத் தேடிப் போகும் பணியாளர் வேண்டும்.

தொழுநோயைக் கண்டறிய ஏற்கெனவே வீடு வீடாகத் தோல் பரிசோதனை நடைபெறுகிறது. தொழுநோய்த் திட்டுகளில் பொதுவாக உணர்ச்சி மரத்துப்போகும், இந்நோயில் அப்படியில்லை. இந்த வேறுபாட்டைப் பணியாளர்களுக்குக் கற்பித்து, காலா அசார் கண்ட குடும்பங்களைச் சில ஆண்டுகளாவது தொடர்ந்து பார்வையிடச் செய்தால், புதிதாக ஒரு துறை தொடங்க வேண்டியதில்லை. அதற்கான நிதியை, நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்ததைக் காரணம் காட்டி மத்திய, மாநில அரசுகள் வெட்டாமலிருக்க வேண்டும்.