தோல்வி தெரிந்தே திருத்திய எல்லைகள்!

தம்மை ஆட்சியில் அமர்த்திய தேர்தல் ஏற்பாட்டைத் தம் கையாலேயே கலைத்த முதல்வர்கள் அரிதிலும் அரிது. தோற்றவர்கள் தொகுதிப் பிரிப்பைக் குறைகூறுவது எங்கும் நடப்பதுதான். வென்றவரே முன்வந்து அதைத் திருத்தச் சட்டம் இயற்றுவதும், அதன் பயனாக அடுத்த தேர்தலில் ஆட்சியை இழப்பதும் எத்தனை நாடுகளில் நடந்திருக்கிறது? தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் 1968 முதல் 1970 வரை முதல்வராக இருந்த ஸ்டீல் ஹாலின் அரசியல் வாழ்க்கை அப்படிப்பட்டது.

1928-ஆம் ஆண்டு பலக்லாவா என்ற சிற்றூரில் பிறந்தவர் ஹால். தொழில் விவசாயம். 1959-இல் மாநிலப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் சேர்ந்திருந்த 'லிபரல் அண்ட் கன்ட்ரி லீக்' கட்சி, நகர்ப்புறப் பழமைவாதிகளும் பெருநில விவசாயிகளும் கைகோத்து உருவாக்கியது. அந்தக் கட்சியின் ஆட்சி 1936-இல் ஒரு சட்டத்தைக் கொண்டு வந்தது. பேரவையின் 39 இடங்களில் 26 கிராமப்புறத்துக்கு, 13 தலைநகர் அடிலெய்டுக்கு என்பதே அதன் சாரம். மாநில மக்களில் மூன்றில் இரு பங்கினர் அடிலெய்டில் குடியேறிய பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை. 1968 தேர்தலில் என்ஃபீல்டு என்ற நகரத் தொகுதியில் பதிவான செல்லத்தக்க வாக்குகள் ஏறத்தாழ 42,000. ஃப்ரோம் என்ற கிராமத் தொகுதியில் ஏறத்தாழ 4,500. இரண்டும் பேரவைக்கு ஆளுக்கோர் உறுப்பினரையே அனுப்பின.

இந்த ஏற்பாட்டின் நிழலில்தான் தாமஸ் பிளேஃபோர்டு 1938 முதல் 1965 வரை 26 ஆண்டுகள் இடைவெளியின்றி முதல்வராக இருந்தார். அவர் திறமையற்றவர் என்று எவரும் சொல்ல முடியாது. விவசாயத்தையே நம்பியிருந்த மாநிலத்துக்குத் தொழிற்சாலைகளைக் கொண்டு வந்தவர் அவர். பழமைவாதக் கட்சியின் தலைவராக இருந்துகொண்டே 1946-இல் தனியார் மின்சார நிறுவனத்தை அரசுடைமையாக்கியவரும் அவரே. ஆனாலும், தொழிலாளர் கட்சிக்கு மாநில அளவில் பெரும்பான்மை ஆதரவு இருந்த ஆண்டுகளிலும் ஆட்சி அவரிடமே நின்றது. ஆகவேதான், தொகுதிகளை வளைத்து வரைவதைக் குறிக்கும் 'ஜெர்ரிமாண்டர்' என்ற சொல்லோடு அவர் பெயரை இணைத்துப் 'பிளேமாண்டர்' என்று ஆய்வாளர்கள் பெயர் சூட்டினர்.

1965-இல் இந்த வேலியையும் தாண்டித் தொழிலாளர் கட்சி வென்றது. மறு ஆண்டு, பிளேஃபோர்டின் இடத்தில் ஹால் கட்சித் தலைவரானார். எதிரே நின்றவர் டான் டன்ஸ்டன். வழக்கறிஞர், நாவன்மை மிக்கவர், 1967 முதல் முதல்வர். 1968 மார்ச் 2-ஆம் தேதி நடந்த தேர்தலில் டன்ஸ்டனின் கட்சி ஏறத்தாழ 52 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. ஹாலின் கட்சிக்குக் கிடைத்தது சுமார் 44 விழுக்காடு. இடங்களோ ஆளுக்கு 19. மீதமிருந்த ஒரே சுயேச்சையான டாம் ஸ்டாட், ஹாலை ஆதரித்துப் பேரவைத் தலைவரானார். டன்ஸ்டன் உடனே பதவி விலகவில்லை. பேரவை கூடும் வரை காத்திருந்து, மக்கள் கொடுத்த தீர்ப்பைத் தொகுதி எல்லைகள் எப்படித் திருப்பிப் போட்டன என்பதை நாடறியச் செய்தார். அடிலெய்டில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். 39 வயதில் முதல்வரான ஹால், பதவியேற்ற நாளிலேயே தம் பதவியின் நியாயம் கேள்விக்குள்ளானதைக் காண நேர்ந்தது.

இத்தகைய நிலையில் ஓர் அரசியல்வாதி செய்யக்கூடியது என்ன? விசாரணைக் குழு ஒன்றை அமைத்து அறிக்கைக்காகக் காத்திருக்கலாம். கிராமங்களின் குரலை நகரம் நசுக்கப் பார்க்கிறது என்று மேடைதோறும் முழங்கலாம். வேறோர் ஆஸ்திரேலிய மாநிலத்தில் இதற்குச் சான்றே உண்டு. அதே 1968-இல் குயின்ஸ்லாந்தின் முதல்வரான ஜோ பியெல்கி - பீட்டர்சன், வட்டார வாரியாக வாக்குக்கு வேறு வேறு மதிப்பளித்த முறையைக் கடைசிவரை கட்டிக்காத்தார். 1972 தேர்தலில் அவரது கன்ட்ரி கட்சி பெற்றது 20 விழுக்காடு வாக்குகள். 82 இடங்களில் 26 அதற்குக் கிடைத்தன. சுமார் 47 விழுக்காடு வாக்குகள் பெற்ற தொழிலாளர் கட்சி, 33 இடங்களோடு எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தது. பியெல்கி - பீட்டர்சன் 1987 வரை முதல்வராக நீடித்தார்.

ஹால் வேறு வழியைத் தேர்ந்தார். பேரவையின் இடங்களை 47 ஆக உயர்த்தி, அவற்றில் 28-ஐ அடிலெய்டுக்கு ஒதுக்கும் சட்டம் அவரது ஆட்சியிலேயே நிறைவேறியது. கட்சிக்குள் கிராமப்புறத் தலைவர்கள் கொதித்தனர். இந்தச் சட்டத்தின்படி தேர்தல் நடந்தால் டன்ஸ்டன் வெல்வார் என்பதைக் கணிக்க அரசியல் ஞானம் ஏதும் தேவையில்லை. கூட்டல் தெரிந்தால் போதும். மக்களின் எதிர்ப்பு ஹாலை நெருக்கியது உண்மை. முழுச் சமத்துவத்தையும் அவர் தந்துவிடவில்லை என்பதும் உண்மை. 1969-க்குப் பிறகும் கிராமத்து வாக்குக்கு நகரத்து வாக்கைவிடச் சற்றுக் கூடுதல் எடை இருந்தது. எனினும், நெருக்கடிக்கு ஆளான எல்லோரும் இப்படிப் பணிந்ததில்லை.

ஆட்சி கவிழ்ந்தது என்னவோ வேறொரு காரணத்தால். தண்ணீர். முர்ரே ஆற்று நீருக்காகச் சொந்த மாநிலத்தில் சொவில்லா அணை கட்டுவதா, விக்டோரியா மாநிலத்தில் டார்ட்மத் அணை கட்டுவதா என்ற பிரச்னையில், ஹால் டார்ட்மத் பக்கம் நின்றார். மாநிலத்துக்கு அதுவே நிச்சயமான நீரைத் தரும் என்பது அவர் கணிப்பு. தம் பகுதியில் வர வேண்டிய அணை கைநழுவுவதைப் பொறுக்காத ஸ்டாட் ஆதரவை விலக்கிக்கொண்டார். 1970 மே 30-ஆம் தேதி நடந்த தேர்தலில் தொழிலாளர் கட்சிக்கு 27 இடங்கள், ஹாலின் கட்சிக்கு 20. அணையோ, ஹால் சொன்னபடி டார்ட்மத்தில்தான் கட்டப்பட்டது. கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கும் சட்டத்தை ஆஸ்திரேலிய மாநிலங்களிலேயே முதலாவதாக 1969-இல் இயற்றியதும் இந்த இரண்டாண்டு ஆட்சிதான்.

இந்தியாவில் தொகுதி மறுவரையறை பற்றிப் பேசுவோர் இந்த வரலாற்றை அப்படியே பொருத்திப் பார்த்துவிட முடியாது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதற்கான தண்டனையாக மக்களவையில் இடம் இழக்கக் கூடாது என்பதற்காகவே, 1976-இல் 42-ஆவது திருத்தமும் 2001-இல் 84-ஆவது திருத்தமும் மாநிலங்களுக்கான இடங்களின் எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தி வைத்தன. அது மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம் போன்றது. பிளேஃபோர்டு காலத்துக் கணக்கோ, ஒரே மாநிலத்துக்குள் ஒரு கட்சிக்கு அனுகூலமாக அமைந்தது. ஆயினும், கிராமங்களே செல்வத்தை விளைவிக்கின்றன, அவற்றின் குரல் அமுங்கக் கூடாது என்று பிளேஃபோர்டின் ஆதரவாளர்களும் நியாயம் பேசத்தான் செய்தார்கள். 'ஒரு வாக்குக்கு ஒரே மதிப்பு' என்ற கோட்பாட்டிலிருந்து விலக்குக் கேட்கும் எவரும், விதியால் பயன்பெறுபவரே விதியை எழுதியவராகவும் இருக்கிறாரா என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஹால் அந்தக் கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டவர்.

தோல்விக்குப் பின் அவரைக் கட்சி மன்னிக்கவில்லை. மாநில மேலவைக்குச் சொத்துரிமை உடையோரை மையமாகக் கொண்ட வாக்குரிமையே அப்போது இருந்தது. அதன் 20 இடங்களில் 16 ஹாலின் கட்சிக்கே. பேரவையில் தோற்றாலும் மேலவையில் கோட்டை பத்திரம் என்று பெரியவர்கள் நிம்மதியாக இருந்தனர். அங்கும் எல்லோருக்கும் வாக்குரிமை வேண்டும் என்ற ஹாலுக்கும் அவர்களுக்கும் மோதல் முற்றியது. 1972 மார்ச்சில் அவர் தலைமைப் பதவியைத் துறந்து, 'லிபரல் மூவ்மென்ட்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது தனிக் கட்சியாயிற்று. மேலவைக்கு அனைவருக்கும் வாக்குரிமை தரும் சட்டத்தை 1973-இல் டன்ஸ்டன் அரசு நிறைவேற்றியது.

1974-இல் கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் செனட் சபைக்குத் தேர்வானார் ஹால். 1975-இல் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த தொழிலாளர் கட்சி செனட்டர் ஒருவர் காலமானபோது, பியெல்கி - பீட்டர்சன் அரசு மரபை மீறிப் பிரதமர் கஃப் விட்லமை எதிர்ப்பவர் ஒருவரை அந்த இடத்துக்கு அனுப்பியது. அதனால் கிடைத்த அனுகூலத்தைக் கொண்டுதான் எதிர்க்கட்சிகள் நிதி ஒதுக்கீட்டு மசோதாவை முடக்கின. அவ்வாண்டு நவம்பர் 11-ஆம் தேதி விட்லம் அரசை கவர்னர் ஜெனரல் பதவி நீக்கினார். தொழிலாளர் கட்சியோடு கொள்கை உறவு ஏதுமில்லாத ஹால், மசோதாவை முடக்குவதற்கு எதிராகவே வாக்களித்தார். இறந்தவரின் இடத்தைப் பறித்துப் பெற்ற பெரும்பான்மைக்கு அவர் மதிப்புத் தரவில்லை.

1976-இல் அவரது இயக்கம் தாய்க்கட்சியான லிபரல் கட்சியில் இணைந்தது. 1981-இல் பூத்பி தொகுதி இடைத்தேர்தலில் வென்று பிரதிநிதிகள் சபைக்குச் சென்றார். அங்கே 1988 ஆகஸ்ட்டில் இன்னொரு சோதனை காத்திருந்தது. ஆசியக் குடியேற்றத்தின் வேகத்தைக் குறைக்கலாம் என்று லிபரல் தலைவர் ஜான் ஹோவர்டு பேசியிருந்தார். குடியேற்றத்தில் இனம் ஓர் அளவுகோலாக இருக்கக் கூடாது என்ற தீர்மானத்தைப் பிரதமர் பாப் ஹாக் கொண்டு வந்தார். ஹாலும், இயன் மெக்ஃபீ, ஃபிலிப் ரடக் ஆகிய இருவரும் தம் கட்சியை எதிர்த்து, அரசுத் தரப்பில் போய் நின்று வாக்களித்தனர். இந்தியாவிலிருந்தும் மற்ற ஆசிய நாடுகளிலிருந்தும் அங்கு குடியேற விரும்பியோருக்கு நேரடியாகத் தொடர்புடைய வாக்கெடுப்பு அது. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி இப்படி வாக்களிக்கும் இந்திய எம்.பி. பதவியையே இழக்க நேரிடும். ஹால் 1996-இல் ஓய்வு பெறும் வரை உறுப்பினராகவே இருந்தார்.

2024 ஜூன் 10-ஆம் தேதி, 95-ஆவது வயதில் அவர் காலமானார். அவர் தொடங்கி வைத்த திருத்தத்தை 1975-இல் டன்ஸ்டன் அரசு நிறைவு செய்தது. தொகுதிகளுக்கு இடையே வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபடக் கூடாது என்று அந்தச் சட்டம் விதித்தது. எல்லைகளை வரையும் ஆணையத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், தேர்தல் ஆணையர், தலைமை நில அளவை அதிகாரி என மூவர் மட்டுமே. அமைச்சர்களுக்கும் கட்சித் தலைவர்களுக்கும் அதில் இடமில்லை.