நெஞ்செரிவும் அடக்கிய கோபமும்

நெஞ்செரிவு, புளித்த ஏப்பம் என்று போனால் சீன வைத்தியர் சாப்பாட்டை மட்டும் விசாரிக்கமாட்டார். கோபம், கவலை, நித்திரை எல்லாம் கேட்பார். அடக்கிவைத்த கோபம் ஈரலில் சூடாகி இரைப்பையைத் தாக்குகிறது என்பது அவர்கள் கணக்கு. நமக்கு இது புதிதாகத் தோன்றாது, சகோதரிகளே. இதற்கு 14ஆம் நூற்றாண்டு வைத்தியர் சூ டான்சியின் மரபில் வந்த குளிசை உண்டு: கசப்பு வேர் 6 பங்கு, காரமான காய் 1 பங்கு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதைத் தொடக்கூடாது.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. உட்கையில், மணிக்கட்டு மடிப்பிலிருந்து 3 விரல் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே பெருவிரலால் சில நிமிடம் அழுத்துங்கள். குமட்டல் தணியும், எரிவு எல்லோருக்கும் தணியாது. இரவில் தலைமாட்டை உயர்த்தி, இடப்பக்கம் சரிந்து படுங்கள். விழுங்கக் கஷ்டம், கறுப்பு மலம், கைக்குப் பரவும் நெஞ்சுவலி என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.