ரோடு முடியிற இடம்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. படம் எதுவும் கிடையாது. மெமரி கார்டு புட்டுக்கிச்சு, அது தனி சோகக் கதை.

2024 பிப்ரவரியில பொட்டி தட்டுற வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுக் கிளம்பி, 2025 ஜனவரியில வீடு வந்து சேர்ந்தேன். அஞ்சு வருஷம் ஆணி புடுங்கிச் சேர்த்த காசுல நாலே கால் லட்சம் காலி. திரும்ப வேலைக்குச் சேர்ந்த அன்னிலேருந்து கேன்டீன்ல, லிஃப்ட்ல, கல்யாண வீட்டுல எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான். "எந்த இடம் பெஸ்ட்டு?" பதிலை நாலு வரியில எதிர்பார்க்கிறாங்க. நான் ஆரம்பிச்சா நாப்பது நிமிஷம் ஆகுது, பாதியிலேயே ஆள் எஸ்கேப். அதான் இங்க எழுதித் தொலைக்கிறேன். நீங்க பாவம், மாட்டிக்கிட்டீங்க :-)

மொதல்ல பட்டியல். நோங்ரியாட் (மேகாலயா), பூக்களின் பள்ளத்தாக்கு (உத்தரகாண்ட்), லாங்ஸா (ஸ்பிதி), அன்னபூர்ணா சுத்துப்பாதை (நேபாளம்). கட்ச் வெள்ளைப் பாலைவனம் நல்லாதான் இருந்தது, ஆனா கூடார நகரமும் ஒட்டகச் சவாரியும் பொருட்காட்சிக்குப் போன மாதிரி ஒரு நெனப்பு. ஹம்பிக்குப் போனது ஏப்ரல் மாசம். கல்லுமேல தோசை சுடலாம், அவ்ளோதான் சொல்லுவேன்.

பட்டியலை ஒருவாட்டி திரும்பப் பாருங்க. நாலுமே ஒண்ணு ரோடே இல்லாத இடம், இல்லேன்னா ரோடு போய் முடியிற இடம். வருஷத்தோட பாதி வரைக்கும் இதையே பெரிய தத்துவமாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். ரோடு வந்தா ஊர் செத்துது, ரோடு இல்லாத ஊர்தான் ஊரு, கார்ல வர்றவன் எல்லாம் சுற்றுலாப் பயணி, நடந்து வர்ற நான் மட்டும்தான் யாத்ரீகன்! இப்ப நெனச்சா எனக்கே கூச்சமா இருக்கு.

நோங்ரியாட்டைப் பத்தி மட்டும் கொஞ்சம் விரிவாச் சொல்லணும். சிரபுஞ்சிப் பக்கம், அங்க சோரான்னுதான் சொல்றாங்க. பன்னெண்டு மாசத்துல 26,461 மில்லிமீட்டர் மழை பேஞ்சு உலக சாதனை வெச்சிருக்கற ஊர் (1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை). நான் போனது மார்ச்சுல, அதனால தப்பிச்சேன். டிர்னாங்கிற ஊர்ல வண்டி நின்னுடும். அங்கேருந்து கீழ 3,000க்கு மேல படி. நடுவுல ரெண்டு கம்பித் தொங்குபாலம், கீழ பாறையில பச்சைத் தண்ணி ஓடுது, கால் பேலன்ஸ் போச்சுன்னா கதை முடிஞ்சது. இறங்கி முடிக்கறப்போ முட்டி ரெண்டும் தந்தியடிக்கும்.

அங்கதான் அந்த ரெட்டை அடுக்கு வேர்ப்பாலம். சீமை ஆலமரத்தோட, அதாங்க ரப்பர் செடின்னு நம்ம வீட்டுத் தொட்டியில வெக்கிறோமே, அதோட விழுதை எடுத்து, பாக்குமரத்தைப் பொளந்து தோண்டின பட்டைக்குள்ள விட்டு, ஓடைக்கு அக்கரை வரைக்கும் ஓட்டி வளர்க்கறாங்க. பாலம் ஆளைத் தாங்கறதுக்கு 15லேருந்து 30 வருஷம் ஆகும். அதாவது நட்டவரு பாதி நேரம் அதுல நடக்க மாட்டாரு, அவரு பேரன் நடப்பான். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா டெலிவரி குடுத்துட்டு அடுத்த வாரமே அதுல பக் பாக்கற பொழப்புலேருந்து போனவனுக்கு அந்தப் பாலத்து மேல உக்காந்தப்போ தொண்டை அடைச்சது. மிகையில்லை, நெசமாவே. மரம், கம்பி, இரும்பு எல்லாம் அந்த மழையில இத்துப் போகும். இது மட்டும் வருஷத்துக்கு வருஷம் உறுதியாகுது.

மூணு நாள் தங்கலாம்னு போய் பதினோரு நாள் இருந்தேன். தங்கின வீட்டுக்காரம்மாவை கொங்னு கூப்பிடணும், காசி மொழியில அக்கா மாதிரி. ஐம்பது வயசு இருக்கும். காசி மக்கள்கிட்ட சொத்து கடைசிப் பொண்ணுக்குத்தான் போகும், இவங்க கடைசிப் பொண்ணு, வீடு இவங்களோடது. தெனம் காலையில நெத்தியில பட்டை கட்டி முதுகுல கூம்புக் கூடையைத் தொங்கவிட்டு, அரிசி, எண்ணெய், ஒரு நாள் கேஸ் சிலிண்டர் கூட, அந்த 3,000 படியும் சுமந்துட்டு வர்றாங்க. நான் ஒரு தண்ணி பாட்டிலும் லேப்டாப் இல்லாத பையுமா மூச்சு வாங்கிட்டு நிக்கறேன்.

நாலாம் நாள் சாயங்காலம் பாக்கு மென்னுகிட்டே பேசிட்டு இருந்தோம் (குவாய்னு சொல்றாங்க, வந்தவங்களுக்கு மொதல்ல அதான் குடுப்பாங்க. நம்ம வெத்தலைப் பாக்கு மாதிரிதான், ஆனா ஈரப் பாக்கு, மண்டையில சுர்ருன்னு ஏறும்). நான் என் ஓட்டை ஹிந்தியில, "இங்க ரோடு வராம இருக்கணும், வந்தா எல்லாம் போச்சு"ன்னு பெரிய மனசோட ஆசீர்வாதம் பண்ணேன். அவங்க சிரிச்சாங்க. "உன் வீட்டுக்கு ரோடு இருக்கா?"ன்னு கேட்டாங்க. இருக்குன்னேன். "வாசல் வரைக்குமா?" ஆமான்னேன். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல, அடுப்பைப் பாக்கப் போயிட்டாங்க. அவங்க மருமகன்தான் அப்புறம் சொன்னாரு. போன மழையில இவங்க மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து நாலு பேரு மாத்தி மாத்தி முதுகுல சுமந்து படியேத்திருக்காங்க. மேல வந்து சேரும்போது உயிர் இல்ல.

சரி, இதோட எனக்குப் புத்தி வந்துடுச்சுன்னு நெனச்சீங்கன்னா, இல்ல. நம்ம மண்டை அவ்ளோ சீக்கிரம் எறங்காது.

பதினோராம் நாள் டிர்னா ஏறி வந்து சிக்னல் கிடைச்சதும் வீட்டுக்குப் போன் போட்டேன். நான் வேலையை விட்டதுலேருந்து அப்பா என்கிட்ட சரியாப் பேசறதில்ல. "சாப்டியா, பணம் இருக்கா" அவ்ளோதான். அன்னிக்கு நான் உற்சாகத்துல, "அப்பா, ரோடே இல்லப்பா! சொர்க்கம்ப்பா!"ன்னு கத்தறேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. லைன் கட் ஆயிடுச்சோன்னு பாத்தேன். அப்புறம் கேட்டாரு, "உங்க பெரிய அத்தை எப்படிப் போனான்னு உனக்குத் தெரியுமாடா?"

எனக்குப் பெரிய அத்தைன்னு ஒருத்தங்க இருந்ததே போட்டோவுல பாத்ததோட சரி. அப்பா பொறந்தது கல்வராயன் மலைமேல. அந்தக் காலத்துல ஊருக்கு ரோடு கெடையாது. அத்தைக்குத் தலைப்பிரசவம். ரெண்டு நாள் வலி. ஒரு கழியில சேலையைத் தூளி கட்டி, முன்னால பின்னால ஆளா அடிவாரத்துக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. லாந்தர் புடிச்சுட்டு முன்னால போனது அப்பா, அப்ப அவருக்குப் பன்னெண்டு வயசு. "பாதி வழியிலயே தூக்கறவங்க நின்னுட்டாங்க. ஏன் நின்னீங்கன்னு நான்தான் கேட்டேன்"னு சொன்னாரு. அதுக்கப்புறம், "சரி, சாப்டியா?"

28 வருஷத்துல எங்கப்பா என்கிட்ட பேசின நீளமான பேச்சு அதுதான்.

இது என்னவோ பழைய கதைன்னு ஒதுக்கவும் முடியல. 2023 மே மாசம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலைக்கிராமத்துல பாம்பு கடிச்ச ஒன்றரை வயசுக் குழந்தை ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள செத்துப்போச்சு. ரோடு இல்லாததால உடலைத் தாயே சுமந்துட்டு மலையேறினாங்க. நம்மள்ல பாதிப்பேரு அதைப் படிச்சுட்டுக் கொதிச்சுப் பதிவு போட்டோம். நானும்தான். அதே ஆளு பத்து மாசம் கழிச்சு மேகாலயாவுல போய் ரோடு வேண்டாம்னு ஆசீர்வாதம் பண்றேன். என்னத்தைச் சொல்ல!

அடுத்தது என் சொந்த மண்டை அடிவாங்கின கதை. ஆகஸ்ட் கடைசியில ஸ்பிதி. கின்னார் வழியா மெதுவா ஏறினா உடம்பு பழகும்னு எல்லாரும் சொன்னாங்க. நாம கேப்போமா? மணாலியிலேருந்து ஒரே நாள்ல காஸா, மறுநாள் காலையில லாங்ஸா. மணாலி சுமார் 2,000 மீட்டர், லாங்ஸா 4,400. மூவாயிரத்துக்கு மேல போனா தூங்கற இடத்தை ஒரு நாளைக்கு ஐநூறு மீட்டருக்கு மேல ஏத்தக்கூடாதுங்கறது பாலபாடம். ராத்திரி தலைவலி, வாந்தி, மூச்சு. சாகப்போறேன்னு நெசமாவே நெனச்சேன். தங்கின வீட்டு அம்மா என் மூஞ்சியைப் பாத்துட்டு ஒரு வார்த்தை பேசல, பக்கத்து வீட்டுப் பையனை எழுப்பி வண்டியெடுக்கச் சொல்லி, ராத்திரி ரெண்டு மணிக்குக் காஸாவுக்கு எறக்கி விட்டாங்க. ஆக்சிஜன், ஊசி, ரெண்டு நாள் படுக்கை.

அந்த வண்டி எதுமேல வந்துச்சுன்னு நினைக்கறீங்க? :-)

அஞ்சு நாள் கழிச்சுத் திரும்பவும் லாங்ஸா போனேன், மரியாதையா. அங்க மண்ணுல சுருள் சுருளா நத்தை மாதிரி கல்லு கிடக்கும். அம்மோனைட்டு. இமயமலை எழும்பறதுக்கு முன்னால அங்க இருந்த டெதிஸ் கடல்ல வாழ்ந்த ஜீவன், சுமார் 15 கோடி வருஷத்துக்கு முந்தினது. ஒண்ணைக் கையில வெச்சுப் பாத்துட்டு எடுத்த இடத்துலயே வெச்சுட்டேன் (நீங்களும் வாங்காதீங்க, எடுக்காதீங்க). நவம்பர்ல நேபாளத்துல காளி கண்டகி ஆத்தோரம் அதே கல்லைப் பாத்தேன். அங்க அதுக்குப் பேரு சாளக்கிராமம்! எங்க எதிர்வீட்டு மாமி துளசி போட்டுப் பூஜை பண்றது டெதிஸ் கடல் நத்தையையா (உயிரியல்படி கணவாய்க்குச் சொந்தக்காரன், சும்மா சொல்லிவெக்கிறேன்)ன்னு ரெண்டு நாள் அதே நெனப்பு.

அன்னபூர்ணாவுல தோரோங் லா கணவாய், 5,416 மீட்டர். இந்தத் தடவை மனாங்ல மூணு ராத்திரி தங்கி, உயரத்துக்குப் பழகி, நல்ல பிள்ளையா ஏறினேன். விடிகாலை குளிர்ல தண்ணிக்குழாய் உறைஞ்சு போச்சு. கணவாய் தாண்டி அந்தப் பக்கம் ஒரே மூச்சுல 1,600 மீட்டருக்கு மேல எறக்கம், எறங்கினா முக்திநாத். நம்ம ஆழ்வார்கள் பாடின திருச்சாளக்கிராமம், நூத்தியெட்டு திவ்யதேசத்துல ஒண்ணு. பன்னெண்டு நாள் குளிக்காத வீரனா நான் போய் நின்னா, அங்க ஒரு ஜீப்புலேருந்து மடிசார் கட்டின மாமிங்க கூட்டம் எறங்குது. கும்பகோணம் பக்கம். எனக்குள்ள பழைய திமிரு எட்டிப் பாத்துது. நான் மலையைத் தாண்டி வந்திருக்கேன், இவங்க ஜீப்புல!

அதுல ஒரு பாட்டி, எழுபத்தாறு வயசாம். நூத்தியெட்டு தாரையிலயும் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆள் தேடிட்டு இருந்தாங்க, என்னைப் புடிச்சுக்கிட்டாங்க. அந்தப் பனித்தண்ணியில நூத்தியெட்டையும் தலையில வாங்கினாங்க, நான் பத்தோட அலறிட்டேன். "இத்தனை வருஷம் முடியலடா கொழந்தே, இப்பதான் வண்டி மேல வரைக்கும் வர்றதாமே"ன்னாங்க. அப்புறம் டப்பாவுலேருந்து புளியோதரை. பன்னெண்டு நாள் பருப்புச்சோறு தின்ன வாய்க்கு அந்தப் புளியோதரை... வேணாம், விடுங்க.

என்கூட வந்த கைடு, கோர்க்கா பக்கத்துக்காரரு, ரோட்டைப் பத்திக் கேட்டா ரெண்டு பக்கமும் பேசுவாரு. கீழ பழைய நடைபாதை ஊர்கள்ல ஜீப்பு நிக்காம போறதால விடுதிகள்ல ஆள் இல்ல, அது நெசம். ஆனா முஸ்தாங் ஆப்பிள் இப்ப அழுகாம போக்ராவுக்குப் போகுது, அதுவும் நெசம்.

இப்ப என் கருத்து என்னன்னா, ஜனங்க வாழற ஊருக்கு ரோடு வேணுமா வேண்டாமாங்கறதுல பதினோரு நாள் வந்து போறவனுக்கு ஓட்டு கிடையாது. ஆனா ஆளே வாழாத ஒரு ஏரிக்கும், ஒரு வியூ பாயிண்டுக்கும் ரோடு போடறாங்க பாருங்க, அங்க எனக்கு வாய் இருக்கு. ஸ்பிதியில சந்திரதால் ஏரிக்கு வண்டி கொஞ்சம் முன்னாலயே நின்னுடும், கடைசியில நடக்கணும். கூடாரமும் கரையில போடக்கூடாது, தள்ளித்தான். நடக்க முடியாதவங்களுக்கு அது நஷ்டம்தான், முக்திநாத் பாட்டியை நெனச்சா உறுத்துது. இருந்தாலும் அந்த ஏரிக்கு அது சரின்னுதான் படுது.

ரொம்பக் குழப்பினது பூக்களின் பள்ளத்தாக்கு. ஜூலை மழையில நீலமும் ஊதாவுமா கண்ணு கொள்ளாது. கங்காரியா வரைக்கும் நடை, அங்கேருந்து உள்ள திரும்ப நடை, ராத்திரி தங்கக் கூடாது. இப்படித்தான் இருக்கணும்னு தலையாட்டிட்டு இருந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சது, 1982ல தேசியப் பூங்கா ஆக்கினப்போ அங்க காலகாலமா ஆடு மேய்ச்சவங்களுக்கும் தடை. மேய்ச்சல் நின்னதாலதான் ஒரு வகைப் பாலிகோனம் செடி பரவி மத்தப் பூவையெல்லாம் அமுக்குதுன்னு ஒரு வாதம் ஓடிட்டிருக்கு. வெளியாளுக்கு அழகாத் தெரியட்டும்னு உள்ளாளை வெரட்டினா பூவுக்கும் நல்லதில்லையோ என்னவோ. பக்கத்துல ஹேம்குண்டுக்கு 12.4 கிலோமீட்டர் ரோப்காருக்கு மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சுல ஒப்புதல் குடுத்துடுச்சு. வயசான சீக்கியப் பெரியவங்க நிம்மதியாப் போவாங்க. அந்த வழியில கோவேறு கழுதை ஓட்டிப் பொழைக்கறவரு ஒருத்தரு எனக்கு மழையில தன்னோட பிளாஸ்டிக் சீட்டைக் குடுத்தாரு. அவரு என்ன பண்ணுவாருன்னு எனக்குப் பதில் தெரியல.

மாற்றுக் கருத்து இருந்தா சண்டைக்கு வாங்க, காத்திருக்கேன்.

அப்புறம், "அடுத்து எங்க?"ன்னு கேக்கறவங்களுக்கு: கல்வராயன் மலை. அப்பாவும் நானும், பொங்கல் லீவுல. முப்பது வருஷமா அவரு அங்க போகல. ரோடு இருக்கு, பஸ்ஸும் போகுதாம். ஆனா அந்தப் பழைய எறக்கத்தை நடந்தே பாக்கணும்னு அவரே சொல்லிட்டாரு. ரெண்டு பேருக்கும் முட்டிவலித் தைலம் வாங்கணும். டேமேஜர் கூப்பிடறாரு, வரட்டா.